பல் டாக்டரின் சிரிப்பில் விழுந்த கோடுகள்

“இது என் வீட்டுக்காரர் மூஞ்சியா, நாலு கோடு நோட்டா? சொல்லுங்க, எந்தக் கோட்டுல பெரிய எழுத்து எழுதணும், எந்தக் கோட்டுல சின்ன எழுத்து எழுதணும்?”

பல் டாக்டரின் மனைவி இப்படிக் கேட்டுக் கையிலிருந்த ஃபோனை எங்கள் முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டியபோது, நான் செய்த முதல் காரியம் அவருக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டதுதான். சண்டைக்கு வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துவிட வேண்டும். நின்றபடி கத்துகிறவர்கள் வந்த விஷயத்தை மட்டும் கத்திவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்துவிட்டால் வீட்டுக் கதையும் கூடவே வரும்.

“உக்கார்றதுக்கு ஒண்ணும் வரல,” என்றார் டாக்டரம்மா. பிறகு உட்கார்ந்தார்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, தெருவே பாக்குது,” என்றார் முதலாளி.

“பாக்கட்டும். சம்பந்தி வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் பாத்தாச்சு, தெரு பாத்தா என்ன? சம்பந்தியம்மா கேக்கறாங்க, ‘உங்க ஃபோட்டோகிராஃபர் ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி நின்னா எடுத்தாரு’ன்னு. கல்யாணப் பொண்ணு கன்னத்துல கோடு. மாப்பிள்ளை நெத்தியில கோடு. இவரு வாயிலே பாருங்க, பல்லுக்குக் குறுக்கால நாலு கோடு.”

வாசற்படியில் பல் டாக்டர் நின்றிருந்தார். ஊரில் உள்ள எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லும் அந்த மனிதர், தன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. பல் டாக்டருக்கே பல்லில் சந்து என்றால் நோயாளி திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவான் என்ற பயம். அதனால் எப்போதும் உதட்டை மூடித்தான் புன்னகைப்பார். மகள் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை மனிதர் தன்னை மறந்து, தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுதான் படத்தில் விழுந்திருந்தது. கோடுகளோடு.

“விடும்மா,” என்றார் அவர், உதட்டைத் திறக்காமலே. “ஊருக்கெல்லாம் நான் பல்லுல கம்பி கட்டுறேன். எனக்கு இந்தத் தம்பி கட்டியிருக்கு.”

அந்தத் தம்பி சுவரோரம் நின்றிருந்தான். எங்கள் கடையின் ஃபோட்டோகிராஃபர். பூனை என்றுதான் கூப்பிடுவோம். நடந்து வருவது தெரியாது. கேமராவிலும் சத்தத்தை நிறுத்தியே வைத்திருப்பான். ‘க்ளிக்’ என்று கேட்டதுமே ஜனங்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பொய்யாகச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவன் கட்சி. பல் டாக்டரின் சிரிப்பை வேறு யாராலும் எடுத்திருக்க முடியாது. அது உண்மை. நான் யாருடைய திறமையையும் குறைத்துச் சொல்கிறவள் இல்லை.

“அக்கா, ஒரிஜினலைத் திறங்களேன்,” என்றான்.

திறந்தேன். ஸ்க்ரீனில் டாக்டர் சிரித்தார், ஒரு கோடும் இல்லாமல். பிறகு அதே படத்தை எக்ஸ்போர்ட் செய்தேன். அதாவது, திருத்தி முடித்த படத்தை வெளியே அனுப்பத் தோதாகத் தனிக் கோப்பாக இறக்கினேன். இறக்கியதில் கோடு இருந்தது.

டாக்டரம்மா ஃபோனையும் ஸ்க்ரீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்தச் சண்டையிலிருந்து ஏன் தொடங்குகிறேன் என்றால், கடையை வாங்கப்போகும் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதைப் பற்றியதுதான். ‘இந்தக் கம்ப்யூட்டர்ல படம் இறக்கினா கோடு விழுமாமே’ என்றீர்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தெருவில் ஒருவர் வாயும் சும்மா இருக்காது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? என்னால் முடிந்தவரை அவசியமில்லாமல் பேசாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். கணினியில் ஒரு குறையும் கிடையாது. நம்பி வாங்கலாம். எப்படி இத்தனை உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நிதானமாகச் சொல்கிறேன். நின்றுகொண்டே கேட்க வேண்டாம், அந்த ஸ்டூலிலேயே உட்காருங்கள்.

அந்த ஸ்டூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வேலை ஆல்பம் தயாரிப்பது. கல்யாணம் முடிந்ததும் அந்த வீட்டார் படம் பொறுக்க வருவார்கள். என் பக்கத்தில் உட்காருவார்கள். நான் ஸ்க்ரீனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். நடுநடுவே, “இது யாரு?” என்று கேட்பேன். அவ்வளவுதான் என் முதலீடு. “இவங்க ஏன் இப்படி ஓரமா நிக்கறாங்க?” என்று கேட்டால், “அது பெரிய கதை” என்பார்கள். பெரிய கதைக்கு நேரம் இல்லாதவர்களை நான் பார்த்ததில்லை. ஆல்பம் முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் வீட்டுப் பங்குத் தகராறு, மாப்பிள்ளைக்கு முதலில் பேசி விட்டுப்போன பெண், மேடை ஏறாத பெரியப்பா, ஏறியும் பேசாத பெரியம்மா எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். கேட்டதை நான் வீணாக்குவதில்லை. யாருக்கு எது தேவையோ அவர்களிடம் சேர்ப்பேன். பார்லர்க்காரிக்குக் கொஞ்சம், மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கொஞ்சம். இந்தத் தெருவில் அடுத்த வீட்டுக் கஷ்டம் தெரியாமல் யாரும் தூங்கியதில்லை என்றால் அதில் என் பங்கும் உண்டு.

பிறகு முதலாளியின் மகள் படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வந்தாள். நல்ல பெண். எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வாங்கிக் கொடுத்தாள்.

“அக்கா, இனிமே யாரும் இங்க வந்து காத்துக்கிடக்க வேணாம். படத்தையெல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி லிங்க் அனுப்பிடலாம். வீட்டுல இருந்தே ஃபோன்ல பாத்து, புடிச்ச படத்துக்கு ஹார்ட் போட்டா போதும்.”

“அவங்க காத்துக்கிடக்கல பாப்பா. பேசிட்டிருக்காங்க.”

“அதான் அக்கா, அந்த நேரம் மிச்சம்.”

ஸ்டூலைத் தூக்கி மூலையில் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் செடியையும் வைத்தாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு லிங்க் என்றே பெயர். யார் வைத்தது என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

ஹார்ட் வந்தது. ஆள் வரவில்லை. குடும்பப் படம் எல்லாவற்றுக்கும் ஹார்ட் போட்டிருப்பார்கள், சித்தப்பா நிற்கும் படத்தை மட்டும் விட்டிருப்பார்கள். ஏன் விட்டார்கள் என்று யாரைக் கேட்பது? ஹார்ட்டுக்கு வாயா இருக்கிறது? நாள் முழுக்கப் பிளாஸ்டிக் செடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எனக்கும் வீடு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அங்கே டி.வி. இருக்கிறது. அது பேசும். நாம் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் சொல்லாது.

அதற்குக் கொஞ்ச நாளில் கோடுகள் வரத் தொடங்கின.

முதலில் ஒரு பிறந்தநாள் விழா. பிறகு ஒரு நிச்சயதார்த்தம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஃபோன்ல அப்படித் தெரியுது, நேர்ல வந்து பாருங்க” என்றேன். வந்தார்கள். செடியைத் தரையில் இறக்கிவைத்தேன். ஸ்க்ரீனில் பார்த்தால் கோடு இல்லை, அச்சடித்த ஆல்பத்திலும் இல்லை. ‘அந்தக்கா பக்கத்துல போய் உக்காந்தாத்தான் படம் சுத்தமா வரும்’ என்று எனக்குக் கைராசிப் பட்டம் கிடைத்தது. நான் கேட்டு வாங்கியதில்லை.

டாக்டர் வீட்டுக் கல்யாணத்தில்தான் விஷயம் பெரிதானது. சண்டை நடந்த அன்று சாயங்காலமே லிங்க் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். ஃபோனில் குறையா என்று பார்த்தார்கள். படத்தைப் பெரிதாக்கினால் கோடும் கூடவே பெரிதானது, அப்படியென்றால் ஃபோன் இல்லை. முதலாளி மானிட்டர் வயரை மாற்றினார். மானிட்டரில்தான் கோடே இல்லையே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, ஆசையாகச் செய்தார். மெமரி கார்டை மாற்றினார்கள். படத்தின் அளவை மாற்றி, தரத்தை ஏற்றி, வண்ணத்தை மாற்றி எல்லாம் இறக்கிப் பார்த்தார்கள். கோடு அசையவில்லை. லிங்க் இணையத்தில் தேடினாள். இணையமும் எங்கள் தெருவைப் போலத்தான். ஒரு கேள்வி கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லும். எல்லாரும் நேரில் பார்த்த மாதிரியே சொல்வார்கள்.

அதில் ஒரு காரணம் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. சத்தமில்லாத முறையில் படம் எடுத்தால், எல்.இ.டி. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் மின்னுவது படத்தில் கோடாக விழுமாம்.

“நான் அப்பவே சொன்னேன்ல, கேமரான்னா சத்தம் போடணும்,” என்றார். “மண்டபம் பூரா எல்.இ.டி. நீ பூனை மாதிரி சத்தமில்லாம எடுத்த. விழுந்துருச்சு.”

“அந்தக் கோடு வேற சார்,” என்றான் பூனை. “அது பட்டை பட்டையா வரும், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ஒரு படத்துல மேல இருக்கும், இன்னொண்ணுல கீழ இருக்கும். ஒரிஜினல்லயும் இருக்கும். இது பென்சிலைச் சீவி ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரில்ல இருக்கு?”

கெட்டிக்காரப் பையன். ‘ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி’ என்று அவன் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்ற? இத்தனை வருஷம் இதுலயே இருக்க.”

“எனக்கு என்ன சார் தெரியும்? எக்ஸ்போர்ட் பண்றப்போ ஃபைலைச் சுருக்குறோம். சுருக்கினா உள்ள ஒளிஞ்சிருக்கிற குறையெல்லாம் மேல வரும். வடிகட்டினாத்தானே கசடு தெரியும்?”

இது தொழில்நுட்பத்தில் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மனிதர்கள் விஷயத்தில் உண்டு.

பூனை விடவில்லை. கடையின் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தான், இந்த முறை சத்தத்தோடு. அவன் கேமரா சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன். இறக்கினேன். கோடு. முதலாளியின் கேமராவை வாங்கி அதே சுவரை எடுத்தான். அவன் எடுத்த படம் என்பதால் வழக்கம்போல அவன் கணக்கில் போட்டு இறக்கினேன். கோடு.

“கேமரா என்னுது,” என்றார் முதலாளி. “சுவரு என்னுது. கோடு மட்டும் எப்படிடா உன்னுது?”

அவன் டாக்டர் வீட்டுக் கல்யாணப் படங்களைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் முகம் தெளிந்து வந்தான்.

“அக்கா, என் லேப்டாப்புல இறக்கினா கோடே இல்ல. ஒண்ணே ஒண்ணு பண்ணுவோம். வாட்டர்மார்க் இல்லாம ஒரு தடவை இறக்கிப் பாப்போம்.”

வாட்டர்மார்க் என்பது, லிங்கில் போகும் படங்களின் மூலையில் மங்கலாகத் தெரியும் கடைப்பெயர். கண்ணாடிக் காகிதம் போல ஒரு மெல்லிய தாள். அதன் ஓரத்தில் பெயர். படத்தை இறக்கும்போது மட்டும் அது தானாக மேலே வந்து உட்காரும். ஸ்க்ரீனில் தெரியாது. ஆல்பத்துக்கு அச்சடிக்கும்போது அதைப் போடுவதில்லை. எங்கள் கடையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று முதலாளி எடுத்த படங்களுக்கு. இன்னொன்றில் கடைப்பெயருக்குக் கீழே பூனையின் சொந்தப் பெயர் இருக்கும். “அவன் பேரும் வரட்டும்பா, அவன்தானே எடுக்கறான்” என்று லிங்க் அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கியது அது. பூனைக்கும் லிங்க்குக்கும் கல்யாணப் பேச்சு முடிந்த மாதிரிதான். முதலாளி சரி என்று சொல்லவில்லை, ஆனால் அவன் வந்தால் எழுந்துபோய் வெளியே நிற்பார். எங்கள் முதலாளி சம்மதிப்பது அப்படித்தான்.

அந்த இரண்டாவது தாளில் கோடு போட்டது நான்.

மெல்லிய சாம்பல் நிறம். சம இடைவெளி. வேலையில் எனக்குச் சுத்தம் முக்கியம். உடையின் மடிப்பில் கலந்துவிடும், முகத்தில் லேசாகத் தெரியும், பல்லில் நன்றாகத் தெரியும். ஏன் பூனையின் தாளில் மட்டும் என்று கேட்டால், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதலாளி எடுக்கும் படங்களை யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. அதில் கோடு போட்டு என்ன பயன்?

நான் கேட்டதெல்லாம் ஜனங்கள் நேரில் வந்து உட்கார வேண்டும் என்பதுதான். யாருக்கும் நஷ்டமில்லை. ஆல்பம் சுத்தமாகவே போனது. அந்தப் பையன் மட்டும் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாகவே போயிருக்கும்.

“வாட்டர்மார்க்கா? பாக்கலாமே,” என்றேன் அவனிடம். “சாப்பிட்டுட்டு வந்துடறேன்.”

சாப்பாட்டு நேரத்தில் முதலாளியும் நானும் உள்ளறையில் எதிரெதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். அவர் சாப்பிடும்போது பேசமாட்டார். கேட்டுக்கொள்வார்.

“சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. பூனை ஏன் கல்யாணப் படத்தையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகுது? நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்லையா?”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவன் எடுத்துப் போனது உண்மை. நம்மிடம் கணினி இருப்பதும் உண்மை. முதலாளி மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் அல்லவா, கற்பனை தானாக ஓடும்.

கை கழுவப் போனபோது பார்லர்க்காரி எதிர்ப்பட்டாள். அவளிடமும் அதே கேள்விதான், ஒரு சொல்கூட மாற்றவில்லை. “பொண்ணுங்க படமாக்கா?” என்றாள். “எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. நான் அனுப்பியது சின்னக் கோப்புதான். தெரு அதைப் பெரிதாக்கி, ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டிவிட்டது. அன்று மாலைக்குள், மணப்பெண் அலங்கார அறையில் எடுத்த படங்களைப் பூனை வைத்திருக்கிறான், நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறான், மருந்துக்கடைக்காரர் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையே பார்த்திருக்கிறாள் என்றெல்லாம் என் காதுக்கே வந்து சேர்ந்தது. எனக்கே புதிதாக இருந்தது.

கடைக்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். வெளியே எட்டு பேர். முதலாளி லேப்டாப்பை மேசைமேல் வைத்து, “தொறடா” என்றார்.

“சார், அதுல ஒண்ணும் இல்ல. டாக்டர் வீட்டுப் படம்தான். கோடு ஏன் விழுதுன்னு பாக்கத்தான்…”

“தொற.”

அவன் லிங்க்கைப் பார்த்தான். அவள், “தொறந்து காட்டிடு. இவங்க வாய அடைப்போம்,” என்றாள். கடைசிவரைக்கும் அவன் பக்கம்தான் நின்றாள், அதைச் சொல்ல வேண்டும்.

திறந்தான். டாக்டர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. சுவர் இருந்தது. அவற்றுக்குக் கீழே இன்னொரு தொகுப்பு இருந்தது. அதில் லிங்க் இருந்தாள். கல்லாவில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் லிங்க். செடிக்குத் தண்ணீர் ஊற்றப்போய், பிளாஸ்டிக் என்பது நினைவு வந்து தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் லிங்க். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு உதட்டைக் கடிக்கும் லிங்க். ஜன்னலோரம் அழும் லிங்க்கும் இருந்தாள். எல்லாவற்றிலும் அழகாகத்தான் இருந்தாள். வினையே அதுதான்.

“இதெல்லாம் எப்ப எடுத்த?”

“சும்மா… உன்னைப் பாக்கும்போதெல்லாம்.”

“எனக்கு ஏன் தெரியல?”

அவன் தோளில் தொங்கிய கேமராவைத் தொட்டான்.

“சத்தம் வரல இல்ல,” என்றாள் அவள். “அதான்.”

வேறொரு நாள், வேறு யாரும் இல்லாதபோது பார்த்திருந்தால் அதே படங்களுக்காக அவள் அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று பார்லர்க்காரி இப்போதும் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா? நான் ஒரு கேள்விதான் கேட்டேன். பதில் உள்ளே தயாராக இருந்தது. வடிகட்டினால் கசடு தெரியும் என்று சொன்னேனா இல்லையா?

“அழி,” என்றார் முதலாளி. “எல்லாத்தையும் அழி. கார்டையும் அழி. நீ எடுத்த ஒரு படம்கூட உங்கிட்ட இருக்கக் கூடாது, என் கடையிலயும் இருக்கக் கூடாது.”

எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக அழித்தான். லிங்க் போனாள். சுவர் போனது. டாக்டர் வீட்டுக் கல்யாணம் போனது, அந்தச் சிரிப்போடு. கடைக் கணினியில் இருந்ததை என்னை அழிக்கச் சொன்னார் முதலாளி. அழித்தேன். டாக்டர் வீட்டு ஆல்பத்தை அந்தக் கல்யாணத்தில் முதலாளியும் எடுத்திருந்த படங்களை வைத்தே முடித்துக் கொடுத்தோம். எல்லாரும் வரிசையாக நிற்பார்கள், எல்லார் வாயும் மூடியிருக்கும்.

போகும்போது பூனை என் மேசையருகே நின்றான். யாருக்கும் கேட்காத குரலில், “அக்கா, வாட்டர்மார்க் இல்லாம ஒரு தடவை பாருங்க, ப்ளீஸ்,” என்றான்.

“பாக்கறேன்பா,” என்றேன்.

சொன்னபடி பார்த்தேன். அன்றே அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதன்பிறகு எந்தப் படத்திலும் கோடு விழவில்லை. “பாத்தீங்களா, அவன் போனான், கோடும் போச்சு,” என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவன் நிரபராதி என்று நினைத்துக்கொண்டிருந்த ஓரிருவரும் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். லிங்க் கடைக்கு வருவதை நிறுத்தினாள். லிங்க் அனுப்புவதும் தானாக நின்றது. ஜனங்கள் பழையபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

பல் டாக்டர் இறந்துபோனது அதற்குப் பின்னால். நோயாளி உட்காரும் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போகும்போதும் வாய் மூடித்தான் இருந்ததாம்.

காரியமெல்லாம் முடிந்து டாக்டரம்மா கடைக்கு வந்தார். இந்த முறை நான் ஸ்டூலை எடுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. அவரே வந்து உட்கார்ந்தார். ஃபோனைக் கையில் வைத்திருந்தார், நீட்டவில்லை.

“எந்தப் படத்தைப் பாத்தாலும் வாயை மூடிட்டே நிக்கறாரும்மா. முப்பது வருஷம் என்கிட்ட மட்டும் சிரிச்ச மனுஷன். அது இந்த ஒரு படத்துலதான் இருக்கு. அன்னைக்கு இதுக்குத்தான் நான் வந்து அந்தக் கத்து கத்தினேன், நெனச்சா வெக்கமா இருக்கு. நல்ல படம் அழிச்சாச்சாமே. இந்தக் கோட்டை மட்டும் எடுத்துத் தர முடியுமா?”

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

“எடுக்கலாம்மா. ஆனா ஒரேடியா எடுத்தா பல்லும் சேந்து போயிடும். ஒவ்வொரு கோடாத்தான் எடுக்கணும். வந்து வந்து போகணுமே, உங்களுக்குக் கஷ்டமில்லையா?”

“எனக்கு வேற என்னம்மா வேலை?”

வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கோடு எடுத்தேன். முதலில் நெற்றியில், பிறகு காதோரம், பிறகு கன்னத்தில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பேசுவார். மாப்பிள்ளை கிளினிக்கை விற்கச் சொல்வது, மகள் புருஷன் பக்கம் பேசுவது, டாக்டர் கடைசியாகச் சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது எல்லாம் சொல்வார். ஒரு கோடு போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் என் வேலைக்கு இவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை. ‘நீ என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி’ என்றார் ஒருநாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடையில் உள்ளதை அழிக்கச் சொன்னபோது அழித்தேன் என்றேன், இல்லையா? அழிப்பதற்கு முன் எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். இது என் வழக்கம். யாருடைய கல்யாணமானாலும் ஒன்று என்னிடம் இருக்கும். டாக்டர் சிரிக்கும் படம், பூனை எடுத்தது எடுத்தபடியே, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு கோடும் கிடையாது. அந்தச் சந்துகூட அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கணினியில் தேடாதீர்கள், இதைச் சுத்தமாகத் துடைத்துத்தான் உங்களிடம் தருகிறேன்.

நீங்கள் வெளியே போய் இதையெல்லாம் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். புதிதாக வந்த கடைக்காரர் சொல்கிறார் என்று நாலு பேர் கேட்பார்கள். ‘ஏங்க, அவரு எதுக்கு ஊர்ப் பொம்பளைங்க படம் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கினாரு?’ என்று யாராவது ஒருத்தி கேட்காமலா இருப்பாள்? கேள்விதானே, யாரும் கேட்கலாம்.

மற்றபடி எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். லிங்க்குக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டாவது மகன், நல்ல சத்தமாகப் பேசுவான். கல்யாணத்துக்கு ஃபோட்டோகிராஃபரே வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். அங்கே நிஜச் செடிதான் வளர்க்கிறாளாம். மகள் பின்னாலேயே முதலாளியும் போகிறார், அதனால்தான் கடை உங்கள் கைக்கு வருகிறது. பூனை வேறு ஊருக்குப் போய் ஒரு டைல்ஸ் கம்பெனியில் படம் எடுக்கிறான். டைல்ஸ் என்றால் முழுக்கக் கோடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. மனிதர்களை எடுப்பதில்லை என்று கேள்வி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்லர்க்காரி கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றிவிட்டாள்.

நானும் வீடு மாறுகிறேன். கடை போனால் கோடு எடுப்பது நின்றுவிடுமே என்று டாக்டரம்மா அழுதார். அவர் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. வாடகையெல்லாம் வேண்டாம், வந்துவிடு தங்கச்சி என்றார். வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முகம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது. இனி பல்லுக்குக் குறுக்கே இருக்கும் அந்த நாலு கோடுகள்தான் பாக்கி. பல் நுணுக்கமான வேலை, அவசரப்பட முடியாது. படத்தை இன்றைக்கே கொடுத்துவிடலாம்தான். கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த அம்மா யாரிடம் போய்ப் பேசுவார்? பாவம், என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?